ஆட்டோகேட் பிளானை பிடிஎஃப் ஆக்கும்போது கோட்டின் கனம்: புதிதாக வரைபவர்களுக்கு

களியக்காவிளையில் உட்கார்ந்து வீட்டு பிளான் வரைபவர்களுக்கு தமிழ்நாடு-கேரள எல்லையின் இரண்டு பக்கமும் வேலை வரும். இந்த வாரம் மார்த்தாண்டத்தில் ஒரு வீடு என்றால் அடுத்த வாரம் பாறசாலையில் ஒன்று. வரைந்து முடித்ததும் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸாப்பில் அனுப்பிவிடுவோம். அங்கே இருக்கும் என்ஜினியரோ வீட்டுக்காரரோ பக்கத்துக் கடையில் ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்து சைட்டுக்குக் கொண்டுபோவார். நாம் வரைந்த டிராயிங் ஃபைலைக் கொத்தனார் ஒருநாளும் பார்ப்பதில்லை. அவர் கையில் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான்.

அந்தத் தாளில் சுவர், சன்ஷேடு விளிம்பு, டைல்ஸ் கோடு, அளவுக்கோடு எல்லாம் ஒரே கனத்தில் இருந்தால் அவர் என்ன செய்வார்? வானம் வெட்டக் கயிறு கட்டும் நேரத்தில் எது சுவரின் முகம், எது மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு என்று விரலை வைத்துத் தேடிக்கொண்டிருப்பார். நல்ல கொத்தனார் கண்டுபிடித்துவிடுவார், அது வேறு விஷயம். ஆனால் அவரைக் கண்டுபிடிக்க வைப்பது வரைந்தவரின் வேலை இல்லை. வெட்டுப்பட்ட சுவர் (பிளான் என்பது வீட்டைக் கிடையாக வெட்டி மேலிருந்து பார்ப்பதுதானே) கனமாகவும், அதற்குக் கீழே தெரியும் படியும் திண்டும் நடுத்தரமாகவும், அளவும் டைல்ஸும் மெல்லியதாகவும் வந்தால் தாளை விரித்த உடனே வீடு கண்ணுக்குத் தெரியும். பிளானில் கோட்டின் கனமும் அளவு எழுதுவதைப் போலவே ஒரு தகவல்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதை அலங்காரம் என்று நினைத்து கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பிளான் வரையும் மென்பொருளான ஆட்டோகேட்டில் கோட்டின் கனத்துக்குப் பெயர் லைன்வெயிட். இங்கே சொல்வது பெரும்பாலும் ஆட்டோகேட்டை வைத்துத்தான். சிடிபி ஃபைலை (எந்த நிறக் கோடு எந்தக் கனத்தில் தாளில் விழ வேண்டும் என்று சொல்லும் ஃபைல், பின்னால் விளக்குகிறேன்) ஏற்கும் ஜிஸ்டார்கேட், இசட்டபிள்யூகேட் போன்ற மென்பொருள்களிலும் அடிப்படை இதேதான்.

கனம் தாளின் அளவு, வீட்டின் அளவு அல்ல

முதலில் மனதில் ஏற்ற வேண்டியது இது. பிளானில் ஒன்பது இன்ச் சுவர் என்றால் அது வீட்டின் அளவு. 1:100 ஸ்கேலில் அந்தச் சுவர் தாளில் சுமார் 2.3 மில்லிமீட்டர் அகலம் வரும், 1:50 ஸ்கேலில் 4.6 மில்லிமீட்டர் வரும். லைன்வெயிட் அப்படி இல்லை. 0.50 என்று கொடுத்தால் 1:100 ஆனாலும் 1:50 ஆனாலும் தாளில் அரை மில்லிமீட்டர் கோடுதான். நீங்கள் மீட்டரில் வரைகிறீர்களா, அடி இன்ச்சில் வரைகிறீர்களா என்று அது கேட்காது. நம் பக்கத்தில் வாஸ்து பார்க்கிற வீட்டுக்காரர்கள் சுற்றளவை கோல் கணக்கில் கேட்பார்கள், ஒரு கோல் 72 சென்டிமீட்டர். அந்தக் கணக்கில் சுவரை நகர்த்தி அமைத்தாலும் கோட்டின் கனம் மில்லிமீட்டரிலேயே நிற்கும்.

இதிலிருந்து ஒன்று தானாக வருகிறது. கனத்தை முடிவு செய்வதற்கு முன் தாள் எது என்று முடிவு செய்ய வேண்டும். ஏ1 தாளுக்கு அழகாக இருக்கும் கனம் ஏ3 தாளுக்குப் பொருந்தாது. இதைப் பிறகு விளக்குகிறேன்.

ஆட்டோகேட் தரும் கனங்கள் ஒரு பட்டியலாக வரும்: 0.00, 0.05, 0.09, 0.13, 0.15, 0.18, 0.20, 0.25 என்று ஏறி 2.11 வரை போகும். நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘டீஃபால்ட்’ என்று இருக்கும், அதை மாற்றாதவரை அதன் மதிப்பு 0.25. புதியவர்களின் பிடிஎஃப்பில் எல்லாக் கோடும் ஒரே கனமாக வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். சுவர், ஜன்னல், அளவு என்று ஒவ்வொரு வகைக் கோட்டையும் பிரித்து வைக்கும் அடுக்குதான் லேயர். யாரும் எந்த லேயருக்கும் எதையும் கொடுக்கவில்லை, எல்லாம் 0.25.

அந்தப் பட்டியலில் 0.13, 0.18, 0.25, 0.35, 0.50, 0.70, 1.00 என்ற எண்களைத் தனியாகக் கவனியுங்கள். இவை ஐஎஸ்ஓ 128 தரத்தில் உள்ள கனங்கள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். ஏ4 தாளுக்கும் ஏ3 தாளுக்கும் நீளத்தில் உள்ள விகிதமும் அதேதான். ஏ2 தாளில் 0.50 கனத்தில் வரைந்ததை ஏ3 தாளுக்குச் சுருக்கினால் 0.35 ஆகிவிடும், அதுவும் பட்டியலில் உள்ள எண்தான். கையால் மை போட்டு வரைந்த காலத்தில் இந்த ஏற்பாடு மிகவும் உதவியது. சுருக்கிய நகலில் திருத்தம் செய்ய வேண்டுமானால் அடுத்த சிறிய பேனாவை எடுத்தால் போதும். அந்தப் பேனாக்களுக்கு நிற அடையாளமும் உண்டு. 0.25 வெள்ளை, 0.35 மஞ்சள், 0.50 பழுப்பு, 0.70 நீலம். பழைய டிராஃப்ட்ஸ்மேன் யாராவது பக்கத்தில் இருந்தால் ரோட்ரிங் பேனாப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள், மூடியில் அந்த வளையங்கள் இன்னும் இருக்கும்.

கனத்தைத் தீர்மானிப்பது யார்?

புதிதாகச் சேர்ந்த பையன்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது.

“அண்ணே, ஸ்கிரீன்ல சுவரு நல்ல கனமாத்தான் இருக்கு. பிடிஎஃப் எடுத்தா மெலிசா வருது.”

“லேயர்ல கனம் போட்டியா மக்ளே, இல்ல சிடிபியிலயா?”

“லேயர்ல போட்டேன். சிடிபி ஏதோ ஒண்ணு இருந்தது, அதையே வெச்சிட்டேன்.”

பதில் இந்தக் கடைசி வரியிலேயே இருக்கிறது. ஒரு கோட்டுக்குக் கனம் சொல்லும் இடங்கள் இரண்டு. ஒன்று, கோட்டிலேயே அல்லது அது இருக்கும் லேயரில் உள்ள லைன்வெயிட். இரண்டாவது, பிளாட் செய்யும்போது, அதாவது டிராயிங்கைத் தாளுக்கோ பிடிஎஃப்புக்கோ அனுப்பும்போது, தேர்ந்தெடுக்கும் பிளாட் ஸ்டைல் டேபிள், அதாவது சிடிபி ஃபைல். இரண்டும் வெவ்வேறு எண்ணைச் சொன்னால் ஜெயிப்பது சிடிபி. லேயரில் சுவருக்கு 0.50 கொடுத்திருக்கிறீர்கள், சுவர் லேயரின் நிறம் சிவப்பு. சிடிபியில் சிவப்புக்கு 0.18 என்று யாரோ எழுதி வைத்திருந்தால் பிடிஎஃப்பில் சுவர் 0.18 கனத்தில்தான் வரும். திரையில் 0.50 தெரிவதும் உண்மை, தாளில் 0.18 வருவதும் உண்மை.

நிறத்துக்கு எதற்குக் கனம் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். இது பேனா பிளாட்டர் காலத்துப் பழக்கம். அந்த மெஷினில் சில பேனாக்களைச் செருகி வைத்திருப்பார்கள். திரையில் சிவப்பாக இருப்பதை முதல் பேனாவால் போடு, மஞ்சளாக இருப்பதை இரண்டாவது பேனாவால் போடு என்று சொல்லித்தான் கனத்தை மாற்ற முடியும். கோட்டுக்கே லைன்வெயிட் என்ற குணம் ஆட்டோகேட் 2000 பதிப்பில்தான் வந்தது. ஆனால் நிறத்தால் கனம் சொல்லிப் பழகிய அலுவலகங்கள் அந்த முறையை விடவில்லை. சிடிபி என்பது அந்த முறையின் தொடர்ச்சி. அதில் 255 நிறங்களுக்கும் ஒவ்வொரு வரி உண்டு. எந்த நிறத்தில் திரையில் இருப்பதை எந்த நிறத்தில், எந்தக் கனத்தில் தாளில் போட வேண்டும் என்று ஒவ்வொரு வரியும் சொல்லும்.

பிளாட் விண்டோவில் வலது மேல் மூலையில் சிடிபியின் பெயர் இருக்கும். பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தினால் எடிட்டர் திறக்கும். ‘ஃபார்ம் வியூ’ தாவலுக்குப் போங்கள். இடது பக்கம் கலர் 1, கலர் 2 என்று நிறங்கள் வரிசையாக இருக்கும், வலது பக்கம் அந்த நிறத்தின் குணங்கள். அதில் ‘லைன்வெயிட்’ என்ற இடத்தில் ஓர் எண் இருந்தால் அந்த எண்தான் கடைசி வார்த்தை. ‘யூஸ் ஆப்ஜெக்ட் லைன்வெயிட்’ என்று இருந்தால் சிடிபி ஒதுங்கிக்கொள்ளும், லேயரில் நீங்கள் கொடுத்த கனம் அப்படியே போகும்.

ஆட்டோகேட்டோடு வரும் மோனோக்ரோம் சிடிபியில் எல்லா நிறத்துக்கும் இப்படித்தான் இருக்கிறது. நிறத்தை மட்டும் கறுப்பாக்கும், கனத்தில் கை வைக்காது. புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: கனத்தை லேயரில் கொடுங்கள், சிடிபியாக மோனோக்ரோமை வையுங்கள். இரண்டு இடத்திலும் கனம் எழுதும் பழக்கம் வேண்டாம். நிறத்தை வைத்துக் கனம் சொல்லும் பழைய முறை தவறு என்று சொல்லவில்லை. ஒரே அலுவலகத்துக்குள் எல்லோரும் ஒரே சிடிபி வைத்திருந்தால் அது வேகமானது. ஆனால் சிடிபி தனி ஃபைல், டிராயிங் ஃபைலுக்குள் அது இருப்பதில்லை. டிராயிங்கை மட்டும் நெய்யாற்றின்கரைக்கு அனுப்பினால் அங்கே உங்கள் சிடிபி இருக்காது, கனங்கள் எல்லாம் கலைந்துபோகும். லேயரில் உள்ள கனம் டிராயிங்கோடு சேர்ந்தே பயணிக்கும். எல்லை தாண்டி ஃபைல் கொடுத்து வாங்குகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். சொந்த சிடிபி இல்லாமல் முடியாது என்றால் ‘ஈ-டிரான்ஸ்மிட்’ கட்டளையில் அனுப்புங்கள், சிடிபியையும் சேர்த்து ஒரே பொட்டலமாக அது கட்டிக் கொடுக்கும்.

சிடிபியே தேர்ந்தெடுக்காமல் ‘நன்’ என்று விட்டால் இன்னொரு ஏமாற்றம் வரும். திரையின் கறுப்புப் பின்னணியில் பளிச்சென்று தெரிந்த மஞ்சள் கோடு வெள்ளைத் தாளிலும் மஞ்சளாகவே விழும். பார்ப்பவருக்குக் கோடு மெலிந்துவிட்டது போலத் தோன்றும். கனம் சரியாகத்தான் இருக்கிறது, நிறம்தான் அதை மறைக்கிறது. மோனோக்ரோம் வைத்தும் சில கோடுகள் மட்டும் நிறத்தோடு வந்தால் அவற்றுக்கு ‘ட்ரூ கலர்’ கொடுக்கப்பட்டிருக்கும். சிடிபி அந்த 255 நிறங்களைத்தான் மாற்றும், ட்ரூ கலரைக் கறுப்பாக்காது.

லேயரில் கனம் கொடுத்த பிறகும் கதவு மட்டும், அல்லது இணையத்திலிருந்து இறக்கிப் பயன்படுத்திய கார் பிளாக் (ஏற்கனவே வரைந்து ஒன்றாகக் கட்டி வைத்த உருவம்) மட்டும் அடம்பிடிக்கும். காரணம், அந்த பிளாக்குக்குள் இருக்கும் கோடுகளுக்குத் தனியாகக் கனமோ நிறமோ கொடுத்திருப்பார்கள். அவை லேயரின் பேச்சைக் கேட்பதில்லை. ‘செட்பைலேயர்’ என்று ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்து, பிளாக்குகளையும் சேர்க்கவா என்று கேட்கும்போது ஆம் சொன்னால், எல்லாம் லேயருக்குக் கட்டுப்பட்டுவிடும்.

பிளாட் விண்டோவில் பார்க்க வேண்டியவை

‘பிளாட் வித் பிளாட் ஸ்டைல்ஸ்’ என்ற பெட்டியில் டிக் இருந்தால் சிடிபி வேலை செய்யும். அதில் டிக் போட்டதும் ‘பிளாட் ஆப்ஜெக்ட் லைன்வெயிட்ஸ்’ தானாக டிக் ஆகி மங்கிவிடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டிலும் டிக் இல்லை என்றால் நீங்கள் கொடுத்த கனம் எதுவுமே பிடிஎஃப்புக்குப் போகாது. பிளாட்டராக ‘டிடபிள்யூஜி டு பிடிஎஃப்’ இருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும் ஒருமுறை சரியாக வைத்த பிறகு அதைப் பேஜ் செட்டப்பாகப் பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். அடுத்த ஷீட்டில் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதே பேஜ் செட்டப் விண்டோவில் ‘டிஸ்ப்ளே பிளாட் ஸ்டைல்ஸ்’ என்று ஒன்று உண்டு. லேஅவுட்டில், அதாவது தாளில் படத்தை அடுக்கி வைக்கும் டேபில், அதை டிக் செய்து, கீழ்ப்பட்டையில் லைன்வெயிட் பொத்தானையும் அழுத்தி வைத்தால், பிளாட் செய்வதற்கு முன்பே தாளில் எப்படி வரும் என்று திரையிலேயே கிட்டத்தட்டப் பார்த்துவிடலாம். சிடிபிக்கும் லேயருக்கும் சண்டை இருந்தால் அங்கேயே அகப்பட்டுவிடும்.

வீட்டை வரையும் இடமான மாடல் டேபில் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே லைன்வெயிட் திரைப் புள்ளிக் கணக்கில் காட்டப்படுகிறது. எவ்வளவு ஜூம் செய்தாலும் கோடு அதே கனத்தில் நிற்கும், மெல்லிய கனங்களுக்குள் வித்தியாசமும் சரியாகத் தெரியாது. லேஅவுட்டில் ஜூம் செய்தால் கோடும் சேர்ந்து பெரிதாகும், ஏனென்றால் அங்கே அது தாளின் மில்லிமீட்டர். கனம் பார்க்க லேஅவுட்தான் சரியான இடம்.

பாலிலைனின் (பல துண்டுகள் சேர்ந்த ஒரே தொடர்கோடு) ‘விட்த்’ என்பதும் லைன்வெயிட் என்பதும் வேறு வேறு. விட்த் கொடுத்தால் அது வீட்டின் அளவு, ஸ்கேல் மாறினால் தாளில் அதன் கனமும் மாறும். அதோடு, விட்த் இருக்கும் பாலிலைன் லைன்வெயிட்டைக் கண்டுகொள்ளாது. பழைய பிளான்களில் மனை எல்லையை விட்த் கொடுத்துத் தடிப்பாக வரைந்திருப்பார்கள். 1:100 ஷீட்டில் அது அழகாக இருக்கும், அதே எல்லையை 1:400 சைட் பிளானில் வைத்தால் கால்வாசியாக மெலிந்துவிடும். விட்த்தைப் பூஜ்யமாக்கிவிட்டு லேயரில் 0.70 கொடுங்கள், எந்த ஸ்கேலிலும் நிற்கும்.

ஏ1 தாளுக்கு வரைந்து ஏ3 தாளில் படிக்கும்போது

நம் ஊரில் அதிகம் பிரச்சினை வருவது இங்கேதான், அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஏ1 தாள் 841க்கு 594 மில்லிமீட்டர். ஏ3 தாள் 420க்கு 297. நீளம் சரிபாதி. ஏ1 தாளுக்கு வைத்த பிடிஎஃப்பை ஏ3 தாளில் ‘ஃபிட்’ கொடுத்து எடுத்தால் 1:100 பிளான் 1:200 ஆகும், எல்லாக் கோட்டின் கனமும் பாதியாகும். 0.50 சுவர் 0.25 ஆகிவிடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 0.13 அளவுக்கோடு 0.065 ஆகும். சாதாரண கடை பிரிண்டரில் அது விட்டு விட்டு விழும் கோடு.

மறுபக்கமும் உண்டு. மெலிகிறதே என்று எல்லாவற்றையும் கனமாக்கினால் வேறு இடத்தில் அடைத்துக்கொள்ளும். நாலரை இன்ச் தடுப்புச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1:100 ஸ்கேலில் அது தாளில் சுமார் 1.15 மில்லிமீட்டர். சுவரின் இரு முகத்துக்கும் 0.70 கோடு போட்டால், ஒவ்வொரு கோட்டிலும் பாதி சுவருக்கு உள்ளே விழும். நடுவில் மிஞ்சும் வெள்ளை 0.45. அதற்குள் ஹேட்ச், அதாவது உள்ளே நிரப்பும் கோடுகள், வேறு. பிளான் முழுவதும் தடுப்புச் சுவர்கள் கறுத்துப்போய், தூணும் தடுப்பும் ஒன்றுபோல் தெரியும்.

ஜன்னல் இன்னும் மோசம். ஒன்பது இன்ச் சுவரில் ஜன்னலை நான்கு இணைகோடுகளாகக் காட்டுவோம். 1:100 ஸ்கேலில் 2.3 மில்லிமீட்டருக்குள் நான்கு கோடு என்றால் கோட்டுக்குக் கோடு தூரம் சுமார் 0.77. சுவர் லேயரிலேயே ஜன்னலையும் வரைந்து 0.50 கனம் கொடுத்தால் நடுவில் மிஞ்சுவது 0.27 மில்லிமீட்டர் வெள்ளை. அதையே பாதியாகச் சுருக்கிய ஏ3 தாளில் 0.13 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். மை கொஞ்சம் பரவினாலே ஜன்னல் இருந்த இடம் சுவராகிவிடும். ஜன்னலுக்குத் தனி லேயர், 0.18 கனம் என்று வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை.

அதனால், படிக்கப்படுவது ஏ3 தாளில் என்று தெரிந்தால் ஏ3 தாளுக்கே லேஅவுட் வையுங்கள். ஐந்து சென்ட், பத்து சென்ட் மனையில் கட்டும் வீட்டின் ஒரு தளம் 1:100 ஸ்கேலில் பெரும்பாலும் ஏ3 தாளுக்குள் அடங்கிவிடும். தரைத்தளமும் மேல்தளமும் எலிவேஷனும் செக்ஷனும் ஒரே ஏ1 ஷீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள், கொடுக்க வேண்டியதுதான். ஆனால் சைட்டுக்குப் போவதைத் தளத்துக்கு ஒரு ஏ3 லேஅவுட்டாகத் தனியாகக் கொடுங்கள். கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் அதுதான் வசதி.

ஏ1 லேஅவுட்டை நீங்களே ஏ3 அளவுக்குப் பாதி ஸ்கேலில் பிளாட் செய்ய வேண்டி வந்தால், லேஅவுட்டின் பிளாட் விண்டோவில் ‘ஸ்கேல் லைன்வெயிட்ஸ்’ என்ற பெட்டியைப் பாருங்கள். டிக் இருந்தால் படம் சுருங்கும் விகிதத்தில் கனமும் சுருங்கும். டிக் இல்லை என்றால் படம் சுருங்கும், கோடு பழைய கனத்திலேயே நிற்கும். முதலாவதில் மெல்லிய கோடுகள் தொலையும், இரண்டாவதில் ஜன்னல்கள் அடைபடும். எது உங்கள் பிளானுக்குக் குறைந்த சேதம் என்று எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எவ்வளவு கனம் வைக்கலாம்?

கட்டட வரைபடத்துக்கு ஐஎஸ்ஓ முறை 1:2:4 என்ற விகிதத்தைச் சொல்கிறது. மெல்லியது ஒன்று என்றால் கனமானது இரண்டு, மிகக் கனமானது நான்கு. ஏ3 தாளுக்கு 0.13, 0.25, 0.50 என்று மூன்று கனம் எடுத்துக்கொண்டால் இந்த விகிதம் கிடைத்துவிடும். தொடக்கத்தில் இந்த மூன்றே போதும் என்பது என் கருத்து. 0.25, 0.30, 0.35, 0.40 என்று அருகருகே நான்கு கனம் வைத்தால் நீங்கள் கொடுத்த வித்தியாசம் உங்களுக்கு மட்டுமே தெரியும், தாளைப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

வெட்டுப்பட்ட சுவரும் தூணும் 0.50. கதவு, சிட்அவுட்டின் படி, ஒர்க் ஏரியா மேடை, மாடிப்படி என்று கீழே பார்த்தால் தெரிபவை 0.25. அளவுக்கோடு, டைல்ஸ், ஹேட்ச், கட்டில் சோபா, சென்டர்லைன் எல்லாம் 0.13. பழகிய பிறகு ஜன்னலுக்கு 0.18, தரைக்கோட்டுக்கும் மனை எல்லைக்கும் 0.70 என்று இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். எலிவேஷனில் ஓட்டுக்கூரை வரையும்போது ஓட்டு வரிகளுக்கு 0.13க்கு மேல் போகவே கூடாது. வரிகள் நெருக்கமாக இருப்பதால் கூரை முழுவதும் கறுத்து, கீழே உள்ள வீடு வெளிறிப்போகும்.

எழுத்தைப் பலரும் மறந்துவிடுவார்கள். எஸ்எச்எக்ஸ் வகை எழுத்துருக்கள் கோடுகளால் ஆனவை, அதனால் லைன்வெயிட் அவற்றையும் பிடிக்கும். 2.5 மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு 0.50 கனம் கொடுத்தால் 6ம் 8ம் 9ம் ஒரே பொட்டாகத் தெரியும். அளவு எண்ணில் இது நடந்தால் சுவர் தப்பான இடத்தில் எழும்பும். ஐஎஸ்ஓ 3098 தரத்தில் பரவலாகப் பயன்படும் எழுத்து வகைக்குக் கனம் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2.5 மில்லிமீட்டருக்கு 0.25. அதற்கு மேல் வேண்டாம். ட்ரூடைப் எழுத்துருக்கள் உள்ளே நிரப்பப்பட்டவை, லைன்வெயிட்டுக்கு அவை மசியாது. பாறசாலைப் பக்கத்து வீட்டுக்கு அறைப் பெயர்களை மலையாளத்திலும் நம் பக்கத்துக்குத் தமிழிலும் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும், அந்த எழுத்துருக்கள் பெரும்பாலும் ட்ரூடைப்தான். எழுத்து தடிப்பாகத் தெரிந்தால் லேயரில் கனத்தைக் குறைத்துப் பயனில்லை, எழுத்துருவையே மாற்ற வேண்டும்.

பிடிஎஃப் கையை விட்டுப் போன பிறகு

பிடிஎஃப்பில் கோடுகள் கனத்தோடு பதிவாகிவிடும். அதற்குப் பிறகு அது தப்பாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் பார்க்கும் மென்பொருளோ பிரிண்டரோதான்.

அடோபி ரீடரில் ‘பிரிஃபரன்ஸஸ்’ போய் ‘பேஜ் டிஸ்ப்ளே’யில் பார்த்தால் ‘என்ஹான்ஸ் தின் லைன்ஸ்’ என்று ஒரு டிக் இருக்கும். மெல்லிய கோடுகள் திரையில் தொலைந்துபோகாமல் இருக்க அவற்றைத் தடிப்பாக்கிக் காட்டுவது அதன் வேலை. அது இயங்கும்போது 0.13ம் 0.25ம் திரையில் ஒன்றாகிவிடும். “நீங்க அனுப்பினதுல எல்லாக் கோடும் ஒரே மாதிரி இருக்கே” என்று போன் வந்தால் முதலில் அதை எடுத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கைபேசியில் முழு ஷீட்டையும் ஒரே திரையில் பார்த்துவிட்டுச் சொல்லும் குறையையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே கால் மில்லிமீட்டரும் அரை மில்லிமீட்டரும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும், பெரிதாக்கிப் பார்த்தால் சரியாக இருக்கும்.

பிரிண்டரின் திறனையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். டிபிஐ என்பது ஓர் இன்ச்சுக்குள் பிரிண்டர் போடும் புள்ளிகளின் எண்ணிக்கை. 600 டிபிஐ பிரிண்டரில் ஒரு புள்ளி சுமார் 0.042 மில்லிமீட்டர். 0.13 கோட்டுக்கு மூன்று புள்ளி கிடைக்கும், தெளிவாக விழும். 300 டிபிஐயில் ஒரு புள்ளி 0.085. அங்கே 0.13 என்பது ஒன்றரைப் புள்ளி, பிரிண்டர் ஓரிடத்தில் ஒன்று போடும், இன்னோரிடத்தில் இரண்டு போடும். ஒரே கனம் கொடுத்த அளவுக்கோடுகள் சில தடிப்பாகவும் சில மெல்லியதாகவும் வருவது இதனால்தான். 0.00 என்று கனம் கொடுத்தால் அந்த மெஷினால் முடிந்த மிக மெல்லிய கோடு வரும், அதாவது மெஷினுக்கு மெஷின் மாறும். சைட்டுக்குப் போகும் பிளானில் 0.00, 0.05 இரண்டையும் நான் பயன்படுத்த விடுவதில்லை.

ஹேட்ச் கோடுகள் அடங்கித் தெரிய வேண்டும் என்று சிடிபியில் ‘ஸ்கிரீனிங்’ மதிப்பை 100லிருந்து 50க்குக் குறைப்பவர்கள் உண்டு. கோடு சாம்பல் நிறமாகும். பெரிய பரப்பை நிரப்ப இது நன்றாக வேலை செய்யும். ஆனால் கறுப்பு மட்டுமே உள்ள லேசர் பிரிண்டர் சாம்பலைப் புள்ளிகளாக உடைத்துத்தான் போட முடியும், அதனால் 0.13 கனத்துச் சாம்பல் கோடு புள்ளிக்கோடாகவே விழும். அதை ஜெராக்ஸ் எடுத்தால் மிச்சமும் போய்விடும். மெல்லிய கோட்டுக்குக் கறுப்பே நல்லது, சாம்பல் வேண்டுமானால் கனத்தை 0.18க்கோ 0.25க்கோ ஏற்றிக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணை எடுப்பது என்ற சந்தேகம் எஞ்சியிருந்தால் ஒரு சோதனைத் தாள் போடுங்கள். ஏ3 லேஅவுட்டில் 0.09லிருந்து 0.70 வரை ஒவ்வொரு கனத்திலும் பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்று, பக்கத்தில் அதன் எண். கீழே ஒரு நாலரை இன்ச் சுவர், ஒரு ஜன்னல், ஹேட்ச் போட்ட ஒரு தூண், 2.5 மில்லிமீட்டரில் ஓர் அளவு எண். பிடிஎஃப் ஆக்கி, உங்கள் பிளான்கள் வழக்கமாகப் பிரிண்ட் ஆகும் கடையிலேயே எடுங்கள். கடைக்காரரிடம் ‘ஆக்சுவல் சைஸ்’ என்று சொல்லி எடுக்கச் சொல்லுங்கள், ‘ஃபிட்’ வேண்டாம். பத்து சென்டிமீட்டர் கோட்டை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். சரியாகப் பத்து வந்தால் கனமும் நீங்கள் கொடுத்தபடியே வந்திருக்கிறது. அதே தாளை ஒரு ஜெராக்ஸும் எடுத்துப் பாருங்கள். அதிலும் உடையாமல் விழுகிற மிக மெல்லிய கோடு எதுவோ, அந்த எண்ணை அளவுக்கோட்டு லேயருக்குக் கொடுங்கள். மற்றவற்றை அங்கிருந்து இரட்டிப்பாக்கிக்கொண்டு போங்கள்.